கை திரும்பி வரும்: ஓவிய வாத்தியார் பதில்கள்

செய்யாறு பக்கத்துக் கிராமம் ஒன்றில் விடிய விடியக் கூத்து பார்த்துக்கொண்டே நான் தீட்டிய நான்கு படங்கள் போன இதழில் வந்திருந்தன. அதைப் பார்த்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் ஒரு துணிப்பை நிறையச் சேர்ந்துவிட்டன. பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், கேட்ட விதம்தான் வேறு. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் ஒரு கோடு போட்டு நிமிர்வதற்குள் ஆடுபவர் வேறு நிலைக்குப் போய்விடுகிறார். நிற்காமல் ஆடுபவரை எப்படி சார் வரைவது?
கல்லூரி மாணவி, கும்பகோணம்

அவர் திரும்பி வருவார் அம்மா. காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எப்போது திரும்பி வருவார் என்று தெரிந்து காத்திருக்க வேண்டும்.

எனக்கு இது புரிந்த இடம் திருவையாறு. சென்னை ஓவியக் கல்லூரியில் படித்து முடித்த புதிது. கல்லூரியில் எங்களுக்கு எதிரே உட்கார்ந்தவர்கள் அரை மணி நேரம் அசையாமல் இருப்பார்கள். அந்தப் பழக்கத்தோடு தியாகராஜர் ஆராதனைக்குப் போய், காவிரிக்கரைப் பந்தலில் அவருடைய ஐந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடும்போது ஓரமாக உட்கார்ந்தேன். வரிசை வரிசையாக எதிரெதிரே உட்கார்ந்து எல்லோரும் ஒன்றாகப் பாடுகிறார்கள். எத்தனை கைகள்! எல்லாம் மேலும் கீழும் போய் வருகின்றன. முதலாவதான நாட்டை ராகக் கீர்த்தனை முடிந்து கௌளை வந்துவிட்டது, என் தாளில் கிறுக்கல்தான் இருந்தது.

பக்கத்தில் ஒரு வயதான அம்மா. பாட வந்தவரில்லை, கேட்க வந்தவர். மடியில் வலது கையை வைத்துத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. ஆதி தாளம். ஐந்து கீர்த்தனைகளும் ஆதி தாளம்தான் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. ஆனால் அந்த அம்மாவின் கை எட்டு எண்ணிக்கைக்குள் இரண்டு முறை மலர்ந்து விரிவதைக் கண்டுபிடித்துவிட்டேன். வீச்சு வரும்போது மட்டும் கையை வரைந்தேன். மற்ற எண்ணிக்கைகளில் அவருடைய புடவைக் கொசுவம், காதுத் தோடு, முழங்கையை ஊன்றியிருந்த முட்டி. மறுபடி வீச்சு வந்தால் மறுபடி கை. மூன்றாவதான ஆரபிக்குள் படம் முடிந்தது. அந்தப் படத்தில் கை அசைகிறது. இன்றைக்கு எடுத்துப் பார்த்தாலும் அசைகிறது.

கூத்திலும் இதுதான். வேஷக்காரர் பாட்டைப் பாடி, அடவு போட்டு, வேகம் ஏறிக் கிறிக்கி என்று சொல்லும் சுழற்சி சுற்றுவார். அப்போது பென்சிலைத் தொடவே வேண்டாம், பார்த்துக்கொண்டே இருங்கள். சுற்றி முடித்து நின்றதும் பின்பாட்டுக்காரர்கள் அதே அடியை வாங்கிப் பாடுவார்கள். வேஷக்காரர் அந்த நேரத்தில் ஒரு காலில் எடை போட்டு நின்று மூச்சு வாங்குவார். தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும், மார்பு ஏறி இறங்கும். அந்த நிலைக்கு அவர் ஒவ்வொரு பாட்டுக்கும் வருவார். விடியும் வரைக்கும் வருவார். நீங்கள் வரைய வேண்டிய உடம்பு அதுதான்.

கச்சேரியில் வரைவதானால், ராக ஆலாபனை நடக்கும்போது மிருதங்கக்காரரை வரைந்துகொள்ளுங்கள். வாத்தியத்தின் மேல் கை வைத்து, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார். கேட்கிற முகத்தை வரையக் கிடைப்பது பெரிய பேறு. பாட்டு தொடங்கிவிட்டால் அந்த முகம் போய்விடும்.

அதனால் வரையப் போகிற கலையை முதலில் ஒன்றிரண்டு முறை சும்மா உட்கார்ந்து பாருங்கள். தாளமும் பாட்டின் அமைப்பும் ஓரளவு தெரிந்தால், கண்ணுக்கு எங்கே காத்திருப்பது என்று தெரிந்துவிடும்.

கையில் என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?
வாசகர், திண்டுக்கல்

ஒரு தோள்பையில் அடங்குவது மட்டும். ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்று, இரண்டு கிளிப். 300 ஜி.எஸ்.எம். கனமுள்ள தடித்த தாளைக் கால் காலாக வெட்டி ஒரு பத்து. கேமல் போஸ்டர் கலரில் ஆறு நிறங்கள் போதும். 6-ஆம் எண், 12-ஆம் எண் உருண்டைத் தூரிகைகள், ஓர் அங்குலப் பட்டைத் தூரிகை ஒன்று. 4பி பென்சில் இரண்டு, முன்கூட்டியே சீவியது. தண்ணீர் இரண்டு பாட்டில்: ஒன்று கழுவ, ஒன்று கலக்க. பழைய பருத்தி வேட்டித் துணி. உட்கார ஒரு சாக்கு.

படத்தை நிறுத்தி வைக்கும் ஈசல் சட்டம் வேண்டவே வேண்டாம். நாம் எழுந்து நின்றால் பின்னால் இருக்கும் பாட்டிக்குக் கூத்து தெரியாது.

இரவில் வரைந்த படத்தைக் காலையில் பார்த்தால் நிறமெல்லாம் தப்பாக இருக்கிறது. என்ன செய்வது?
ஓவிய ஆசிரியர், விழுப்புரம்

எனக்கும் நடந்திருக்கிறது. முதன்முதலில் ஒரு திரௌபதி அம்மன் கோயில் கூத்துக்குப் போனபோது மஞ்சள் சோடியம் விளக்குக்குக் கீழே உட்கார்ந்துவிட்டேன். இரவெல்லாம் தீட்டினேன், மனம் நிறைந்திருந்தது. விடிந்து பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து தாளை விரித்தால், கறுப்பு என்று நினைத்து முடிக்குப் பூசியது நல்ல நீலம். சிவப்பு என்று நினைத்தது பழுப்பு. அந்த விளக்கின் வெளிச்சத்தில் மஞ்சள் தவிர மற்ற நிறங்கள் மிகக் குறைவு. வெளிச்சத்தில் நீலமே இல்லாதபோது நீலத்துக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் கண்ணுக்கு எப்படித் தெரியும்? இப்போது எல்.இ.டி. வந்துவிட்டது, ஆனால் நிமிடத்துக்கொரு நிறம் மாறும் விளக்கைப் போட்டுவிடுகிறார்கள். சிவப்பு விளக்கில் வெள்ளையும் சிவப்பும் ஒன்றாகத் தெரியும், பச்சை கறுப்பாகிவிடும்.

இதற்கு நான் இரண்டு காரியம் செய்கிறேன். ஒன்று, தட்டில் நிறங்களை எப்போதும் ஒரே வரிசையில் வைப்பேன். இடது ஓரம் வெள்ளை, வலது ஓரம் கறுப்பு, நடுவில் மற்றவை. முப்பது வருடமாக அதே வரிசை. இருட்டில் கைக்கு இடம் தெரியும்.

இரண்டாவதுதான் முக்கியம். கூத்து தொடங்குவதற்கு முன்னால் வேஷம் போடும் கொட்டகைக்குப் போய்விடுங்கள். கேட்டுவிட்டுப் போங்கள். அங்கே ஒரு டியூப் லைட்டோ குண்டு பல்போ இருக்கும், உள்ள நிறம் உள்ளபடி தெரியும். நோட்டின் ஓரத்தில் சின்னச் சின்னக் கட்டங்களாக அந்த நிறங்களைப் பூசி வைத்துக்கொள்ளுங்கள். இரவு முழுக்க அந்தக் கட்டங்களைப் பார்த்துத் தீட்டலாம், விளக்கு என்ன நிறம் காட்டினாலும் கவலையில்லை.

அந்தக் கொட்டகையைப் பற்றி ஒரு பக்கம் எழுதலாம். யாருக்கும் யாரும் ஒப்பனை செய்வதில்லை. ஆளுக்கு ஒரு கைக்கண்ணாடி, அவரவர் முகம் அவரவர் கையில். அரிதாரம் என்கிற மஞ்சள் பொடியை எண்ணெயில் குழைத்து முகம் முழுக்கப் பரப்பி, அது படிந்த பிறகு மேலே சிவப்பு, அப்புறம் கறுப்பு மையில் புருவமும் மீசையும், கடைசியில் ஈர்க்குச்சி நுனியால் தாடை ஓரமாக வெள்ளைப் புள்ளி. ஒரு மூத்த வேஷக்காரர் அந்தப் புள்ளிகளை வைத்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். காதுக்குக் கீழே தொடங்கி மோவாய் வரைக்கும், ஒன்றுக்கொன்று நெல்லளவு இடைவெளி. கை நடுங்கவில்லை, மூச்சை அடக்கியிருந்தார். வைத்து முடித்துத்தான் மூச்சு விட்டார். பிறகு என் தாளைப் பார்த்து, “வெள்ளையை முதல்லயே வெச்சுட்டியேப்பா, அது கடைசியில இல்ல வரணும்?” என்றார்.

அன்றைக்கு மாற்றிக்கொண்டேன். கூத்து முகம் தீட்டினால் வேஷம் போடும் வரிசையிலேயே தீட்டுகிறேன்: மஞ்சள், சிவப்பு, கறுப்பு, கடைசியில் வெள்ளை. போஸ்டர் கலர் அடிநிறத்தை மறைக்கும் நிறம் என்பதால் இது சரியாக வருகிறது. கிரீடத்திலும் தோளில் கட்டும் புஜகீர்த்தியிலும் ஒட்டியிருக்கும் கண்ணாடித் துண்டுகளுக்கு மட்டும் தாளை வெறுமையாக விட்டுவிடுங்கள். அந்தப் பளபளப்புக்கு எந்த வெள்ளை நிறமும் ஈடாகாது. கிரீடம் கல்யாண முருங்கைக் கட்டையில் செய்தது, எடை குறைவு. ஆனாலும் இரவெல்லாம் தலையில் கட்டிக்கொண்டு ஆடுகிறார்கள். காலையில் அவிழ்க்கும்போது நெற்றியில் கயிற்றுத் தடம் பதிந்திருக்கும். அதையும் ஒருமுறை வரைந்தேன்.

போட்டோ எடுத்து வந்து வீட்டில் நிதானமாக வரையலாமே?
வாசகர், கோயம்புத்தூர்

வரையலாம். நன்றாகவும் வரும். ஆனால் அது வேறு வேலை.

போட்டோவில் ஒரு கண நேரம்தான் இருக்கிறது. அங்கேயே உட்கார்ந்தால் நான்கு மணி நேரம் உங்கள் உடம்பில் ஏறிவிடுகிறது. பக்கத்தில் குழந்தை தூங்குகிறது, பின்னால் யாரோ வேர்க்கடலை உரிக்கிறார்கள், மத்தளச் சத்தம் தரை வழியாக முதுகுத்தண்டில் ஏறுகிறது. இதெல்லாம் கோட்டில் வந்துவிடும், எப்படி என்று எனக்கு விளக்கத் தெரியவில்லை. ஓவியர் சில்பி ஆனந்த விகடனுக்காகக் கோயில் கோயிலாகப் போய் அந்தந்தச் சிற்பத்துக்கு முன்னால் உட்கார்ந்தே வரைந்தார். சிற்பம் ஓடிவிடப் போவதில்லை. இருந்தும் நேரில் போனார். அவருடைய குரு மாலி, சங்கீத வித்வான்களை ஒரு சில கோடுகளில் பிடித்தவர். அந்தக் கோடுகளைப் பார்த்தால் அவர் எத்தனை கச்சேரி கேட்டிருப்பார் என்று தெரியும்.

மார்கழி, தை மாதத்தில் கடற்கரைப் பக்கம் வரைந்தால் வண்ணம் காயவே மாட்டேன் என்கிறது.
வாசகி, சென்னை

பெசன்ட் நகரில் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015-இல் ஒரு விழா தொடங்கினார்கள். மீனவர் குப்பத்தில் கர்நாடக சங்கீதமும் பறையும் ஒரே மேடையில். அங்கே வரையப் போய்த்தான் நானும் இதைக் கற்றுக்கொண்டேன். கடல் காற்றில் உப்பு இருக்கிறது. அது தாளில் படிந்து ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேல்பக்கம் காய்ந்த மாதிரி இருக்கும், விரல் வைத்தால் பிசுபிசுக்கும்.

தண்ணீரைக் குறைத்து நிறத்தைக் கெட்டியாகப் பயன்படுத்துங்கள். ஒரே தாளில் விடாமல் தீட்டாமல், மூன்று தாளை மாற்றி மாற்றித் தீட்டுங்கள். எடுத்து வரும்போது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், நான்கு மூலையிலும் தீப்பெட்டித் துண்டு வைத்து அட்டைக்கிடையே கட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழி பறைக்காரர்கள் காட்டியது. பனியில் பறையின் தோலும் தளர்ந்துபோகும், சத்தம் அமுங்கிவிடும். அதனால் வைக்கோலோ காகிதமோ போட்டுத் தீ மூட்டி, பறையைச் சுற்றிச் சுற்றிக் காட்டிக் காய்ச்சுவார்கள். விரலால் தட்டிக் காது வைத்துக் கேட்பார்கள். ‘டிங்’ என்று கணீரென வரும் வரைக்கும் விடமாட்டார்கள். ஒரு இரவு நான் தாளை ஊதிக்கொண்டிருந்ததைப் பார்த்த ஓர் இளைஞர், “இங்க குடுங்கண்ணே” என்று வாங்கி, பறையைக் காட்டுகிற அதே தூரத்தில் காட்டிக் காய வைத்துக் கொடுத்தார். பறை அடிக்கும்போது வரைவதைவிட, காய்ச்சும்போது வரையச் சொல்வேன். தீ வெளிச்சம் கீழிருந்து முகத்தில் விழும். இடது கையில் பறை அடிக்கும் குச்சிகளான சிண்டுக்குச்சி, அடிக்குச்சி இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பார்கள். எல்லோரும் ஒரே இடத்தைப் பார்த்திருப்பார்கள்.

சித்திரையில் இதற்கு நேர்மாறு. தூரிகையிலேயே காய்ந்துவிடும். கலக்கும் தண்ணீரில் இரண்டு சொட்டு கிளிசரின் விடுங்கள், சரியாகும்.

முகச்சாயல் வருவதில்லை. என்ன பயிற்சி?
வாசகர், காரைக்குடி

முகத்தை விடுங்கள், தோளைப் பிடியுங்கள். தவில்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். வலது கை விரல்களில் மாட்டிய கூடு, இடது கையில் பூவரசங்கழி. இரண்டு கைக்கும் இரண்டு விதமான வேலை, அதனால் இரண்டு தோளும் ஒரே உயரத்தில் இருக்காது. அந்தச் சாய்வு ஆளுக்கு ஆள் வேறு. அதைச் சரியாகப் போட்டால், முகமே இல்லாவிட்டாலும் ஊர்க்காரர்கள் பெயரைச் சொல்லிவிடுவார்கள்.

என் மகளுக்கு 17 வயது. ராத்திரிக் கூத்துக்குப் போய் வரைய வேண்டும் என்கிறாள். அனுப்பலாமா?
ஒரு தாய், வேலூர்

தனியாக அனுப்ப வேண்டாம் அம்மா, நீங்களும் கூடப் போங்கள். கோயில் கூத்து குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்துப் பார்ப்பது. பெண்கள் உட்காரும் பக்கம் நீங்களும் உட்கார்ந்தால், உங்களுக்கு அரைப் பாயும் ஒரு டம்ளர் காபியும் கிடைக்கும். முதலில் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். பழகுவதற்குப் பகல் நிகழ்ச்சிகளும் உண்டு. பொங்கல் சமயத்தில் சென்னையில் நடக்கும் சங்கமம் விழாவில் பூங்காக்களிலும் மைதானங்களிலும் கரகம், ஒயில், பொய்க்கால் குதிரை எல்லாம் மாலையிலேயே பார்க்கலாம்.

அவளுக்கு என் யோசனை ஒன்று. முதல் முறை போகும்போது அர்ச்சுனன் தபசு நடக்கும் நாளாகப் பார்த்துப் போகச் சொல்லுங்கள். நெடிய தபசு மரத்தில் அர்ச்சுனன் வேஷக்காரர் படிப்படியாக ஏறுவார். ஒவ்வொரு படிக்கும் நின்று பாடுவார், உச்சியில் இருந்து பூவும் எலுமிச்சம்பழமும் வீசுவார். அவசரமே இல்லாத காட்சி. கீழே அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தபடி நிற்பார்கள், அந்தக் கழுத்துகளை வரையலாம். கடைசி நாள் படுகளமும் நல்லது. மண்ணால் செய்த பெரிய துரியோதனன் காலையிலிருந்து தரையில் படுத்திருப்பான். பகல் வெளிச்சம் இருக்கும், உருவம் அசையாது. சுற்றியுள்ள கூட்டத்தைப் பொறுமையாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்போது விழாக்களில் மேடையிலேயே நேரடியாக வரைய ஓவியர்களைக் கூப்பிடுகிறார்கள். போகலாமா? என்ன கேட்கலாம்?
இளம் ஓவியர், மதுரை

போகலாம் தம்பி, ஆனால் எங்கே உட்கார வைக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு விழாக்குழு என்னைக் கூப்பிட்டது. 6 அடிக்கு 4 அடி கேன்வாஸ், மேடையின் நடுவில். ஒரு பக்கம் பாடுகிறவர், மறுபக்கம் நான். பாட்டு தொடங்கிய பத்தாவது நிமிடம் கவனித்தேன், சபை முழுக்க என் தூரிகையைப் பார்க்கிறது. பாடுகிறவர் பாடிக்கொண்டே ஒருமுறை திரும்பி என் கேன்வாஸைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. அவருடைய சபையை நான் எடுத்துக்கொண்டிருந்தேன். இடைவேளையில் கேன்வாஸைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி, பக்கவாட்டில் ஒரு தூணருகே போய் மீதியைத் தீட்டினேன். குழுவினருக்குப் பிடிக்கவில்லை. பேசிய பணமும் வரவில்லை. அதற்கப்புறம் எந்த மேடையிலும் ஏறி வரைந்ததில்லை. கலைஞருக்குப் பக்கவாட்டில், கூட்டத்தோடு கூட்டமாக. அந்த இடம்தான் நமக்கு. அங்கிருந்துதான் நன்றாகவும் தெரியும்.

பணத்தைப் பற்றி: பாதியை முன்பணமாக வாங்குங்கள். போக்குவரத்து, வண்ணம், தாள் செலவு தனி. படம் யாருக்குச் சொந்தம், அச்சிட யாருக்கு உரிமை என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இரண்டே வரி போதும்.

இன்னொன்றும் எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் வரைந்த கலைஞருக்கு அந்தப் படத்தின் நல்ல பிரதி ஒன்று போய்ச் சேர வேண்டும். விற்றால் அதில் ஒரு பங்கும். நான் மூன்றில் ஒரு பங்கு கொடுக்கிறேன். விடிய விடிய ஆடியவர் அவர். சில பேர் வாங்க மறுப்பார்கள். வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு வருவேன். அவர்கள் மறுப்பதில்லை, வீட்டுச் செலவு அவர்களுக்குத்தான் தெரியும்.

வரையும்போது கூட்டம் சுற்றி நின்றுகொண்டால்?
வாசகர், நாமக்கல்

பிள்ளைகள்தான் முதலில் வருவார்கள். ஒரு தாளும் பென்சிலும் அவர்களிடம் கொடுத்து, “நீயும் வரை” என்று சொல்லுங்கள். வரிசையாகப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். அப்படி உட்கார்ந்த ஒரு பையன் வரைந்த மத்தளக்காரர் இன்னும் என்னிடம் இருக்கிறார். மத்தளம் ஆளைவிடப் பெரியது. கேட்ட சத்தத்தின் அளவுக்கு வரைந்திருக்கிறான்.

வரைந்துகொண்டிருக்கும்போது மழை வந்துவிட்டால்?
வாசகி, திருவண்ணாமலை

பையில் எப்போதும் ஒரு பெரிய பாலித்தீன் உறை வைத்திருங்கள். முதல் சொட்டு விழுந்ததும் தாளைப் பலகையோடு உறைக்குள் தள்ளிவிடுங்கள். துடைக்க வேண்டாம், துடைத்தால் போஸ்டர் கலர் இழுத்துக்கொண்டு போய்விடும். விழுந்த சொட்டு அப்படியே காயட்டும். பிறகு கொட்டகைப் பக்கம் ஓடிப்போய் மத்தளத்தையும் ஆர்மோனியத்தையும் உள்ளே தூக்கி வைக்க ஒரு கை கொடுங்கள். நனைந்தால் அவர்களுக்கு அடுத்த ஊர்க் கூத்து நின்றுவிடும்.